‘இறந்த மலை’க்குள் இறங்கும் மாணவர்கள்... திரும்பி வருவதற்காக ஓராண்டுத் திட்டம்!

ஆஸ்திரியாவின் ஆல்ப்ஸ் மலையில் ஒரு சிகரத்துக்கு ‘லோஸர்’ என்று பெயர். ஆங்கிலம் தெரிந்தவர்கள் கேட்டவுடன் சிரித்துவிடுவார்கள். அது நிற்கும் மலைத்தொடரின் பெயரைச் சொன்னால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். ‘டோட்டஸ் கெபிர்கே’. ஜெர்மன் மொழியில் ‘இறந்த மலை’ என்று அர்த்தம்.

இந்த மலைக்கு 1976 முதல் கிட்டத்தட்ட எல்லாக் கோடையிலும் ஒரு கூட்டம் வந்து சேர்கிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குகைக் கழகத்தின் மாணவர்களும், படிப்பை முடித்துப் போன பழைய மாணவர்களும்தான் அந்தக் கூட்டம். விடுமுறை விட்டால் கடற்கரைக்குப் போகும் வயதில், இவர்கள் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வெளிச்சமே நுழையாத குழிகளுக்குள் இறங்குகிறார்கள். இதுவரை எந்த மனிதரும் கால் வைக்காத இடத்தை முதன்முதலாகப் பார்ப்பதற்காக!

ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் 1961-லேயே ஸ்பெயினின் ‘பிகோஸ் தே யுரோப்பா’ மலைக்குப் போய்விட்டார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரி மாணவர்கள் 1994 முதல் ஸ்லோவேனியாவின் மிகோவெட்ஸ் மலைக்குப் போகிறார்கள்.

கேட்பதற்கு சாகசமாக இருக்கிறது. ஆனால், குகைக்குள் இறங்கும் அந்தச் சில வாரங்களுக்குப் பின்னால் ஏறத்தாழ ஓராண்டு உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பின் பெரும்பகுதி ஒரே ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது: ‘போனவர்கள் எல்லோரும் எப்படித் திரும்பி வருவார்கள்?’

மலை ஏன் ‘இறந்தது’?

இந்த மலையில் மழைக்குப் பஞ்சமில்லை. குளிர்காலம் முழுக்கப் பனி கொட்டுகிறது. ஆனாலும், மேலே உள்ள பீடபூமியில் ஓர் ஓடைகூடக் கிடையாது. பார்க்கும் இடமெல்லாம் வெடித்த வெள்ளைப் பாறை, நடுநடுவே குட்டை பைன் புதர்கள். அவ்வளவுதான். அதனால்தான் அந்தப் பெயர்.

பெய்த தண்ணீர் எங்கே போகிறது? மலைக்கு உள்ளே! இந்த மலை சுண்ணாம்புக்கல்லால் ஆனது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்ஸைடைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாக மாறுகிறது. சோடாவில் இருக்கிற அதே அமிலம்தான். அது பாறையின் விரிசல்களில் இறங்கி, லட்சக்கணக்கான ஆண்டுகளாக சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. விரிசல் ஓட்டையாகிறது. ஓட்டை கிணறாகிறது. கிணறுகளைச் சுரங்கங்கள் இணைக்கின்றன.

மேலே செத்துப்போனதுபோலத் தெரியும் மலை, உள்ளே ஆறும் அருவியுமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கேம்பிரிட்ஜ் மாணவர்களும் ஜெர்மன், ஆஸ்திரியக் குழுவினரும் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவரும் ‘ஷ்வார்ட்ஸ்மூஸ்கோகல்’ குகைத் தொகுப்பில் இதுவரை அளக்கப்பட்ட பாதைகளின் நீளம் 100 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ஆழம் 1,000 மீட்டருக்கும் மேல். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல 15 விமானங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வரும் உயரம் அது!

மனிதர்கள் ஒரு குகையில் 1,000 மீட்டர் ஆழத்தை முதன்முதலாகத் தாண்டியது 1956-ல்தான். பிரான்ஸின் கிரெனோபிள் நகருக்கு அருகே உள்ள ‘கூஃப்ர் பெர்ஜே’ குகையில் அது நடந்தது. எவரெஸ்ட் உச்சியைத் தொட்டு மூன்றாண்டு கழிந்த பிறகு!

அக்டோபரில் தொடங்கும் பாடம்

கல்லூரி திறந்ததும் புது மாணவர்களைக் கழகத்தில் சேர்ப்பதுதான் முதல் வேலை. சேர்பவர்களில் பலர் அதுவரை குகை பக்கமே போகாதவர்கள். அடுத்த கோடைக்குள் அவர்களைக் கயிற்றில் தொங்கப் பழக்க வேண்டும்.

பிரிட்டனின் மிக ஆழமான குகையே 300 மீட்டரை எட்டாது. ஆனால், பழகுவதற்கு அது போதும். வார இறுதிகளில் வேன் ஏறி யார்க்‌ஷயர் மலைப்பகுதிக்குப் போகிறார்கள். அங்கே ‘கேப்பிங் கில்’ என்று ஒரு குழி இருக்கிறது. ஓர் ஓடை அப்படியே தரையில் விழுந்து சுமார் 98 மீட்டர் கீழே கொட்டுகிறது. 1895-ல் எத்வார் மார்த்தெல் என்ற பிரெஞ்சுக்காரர் கயிற்று ஏணியைப் பிடித்துக்கொண்டே அதன் அடிக்கு இறங்கினார்.

இப்போது ஏணி கிடையாது. ஒற்றைக் கயிறுதான். இறங்குவது எளிது. இடுப்பு ஹார்னஸில் மாட்டிய கருவி கயிற்றை இறுக்கிப் பிடிக்கும். கையால் மெல்லத் தளர்த்தினால் வழுக்கிக்கொண்டே இறங்கலாம். ஏறுவதுதான் பாடு. மார்பருகே ஒரு பிடிப்பான், கையில் ஒரு பிடிப்பான். இரண்டும் கயிற்றில் மேலே நகரும், கீழே நழுவாது. கைப்பிடிப்பானில் இருந்து தொங்கும் வளையத்தில் கால்களை வைத்து எழுந்து நிற்க வேண்டும். பிறகு உட்கார வேண்டும். மறுபடி எழ வேண்டும். இதற்குப் பெயரே ‘தவளை முறை’!

ஒருமுறை எழுந்தால் சுமார் 40 சென்டிமீட்டர் உயரலாம். 100 மீட்டர் ஏற, 250 முறை எழுந்து உட்கார வேண்டும். ஈர உடை, முதுகில் பை, தலைக்கு மேலே சொட்டும் தண்ணீர் என எல்லாவற்றோடும்.

அதனால் பயிற்சியில் சோதிக்கப்படுவது தைரியம் மட்டும் இல்லை. குளிரில் விரல் மரத்த நிலையில் முடிச்சு போடத் தெரிகிறதா? கயிற்றின் நடுவில் கருவி சிக்கிக்கொண்டால் பதறாமல் சரிசெய்யத் தெரிகிறதா? பக்கத்தில் உள்ளவர் கயிற்றிலேயே மயங்கிவிட்டால் அவரை இறக்கத் தெரிகிறதா? மேலே வெளிச்சத்தில், ஜிம் சுவரிலோ மரக்கிளையிலோ இதையெல்லாம் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கிறார்கள். பதில் ‘தெரியும்’ என்றால்தான் ஆல்ப்ஸ்.

காசுக்கு என்ன வழி?

மாணவர்களிடம் எப்போதும் இல்லாத ஒன்று, காசு! வேன், பெட்ரோல், கயிறு, சாப்பாடு, இன்ஷூரன்ஸ்... பட்டியல் நீளம். கலந்துகொள்பவர்கள் ஆளுக்கு ஒரு தொகை போடுகிறார்கள். மீதிக்கு நிதியுதவி தேட வேண்டும்.

பிரிட்டனில் இப்படிப்பட்ட பயணங்களுக்கு உதவும் அமைப்புகளில் ஒன்று ‘கார் பராவ் ஃபவுண்டேஷன்’. இந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் ஏமாற்றம் இருக்கிறது. 1971-ல் பிரிட்டிஷ் குழு ஒன்று ஈரானின் ஸாக்ரோஸ் மலையில் ‘கார் பராவ்’ என்ற குகையைக் கண்டது. உலகிலேயே ஆழமான குகையாக இருக்கும் என்ற கனவோடு, 1972-ல் பெரும் ஏற்பாடுகளுடன் திரும்பிப் போனது. 751 மீட்டரில் தண்ணீர் வழியை அடைத்தது. உலக சாதனை கிடைக்கவில்லை. ஆனால், அந்தப் பயணத்திலிருந்து பிறந்த அறக்கட்டளை இன்றும் மற்றவர்களின் கனவுக்குப் பணம் தந்துகொண்டிருக்கிறது.

பணம் சும்மா கிடைத்துவிடாது. எங்கே போகிறீர்கள், அங்கே இதற்கு முன் யார் என்ன கண்டார்கள், குழுவில் யாருக்கு என்ன அனுபவம், விபத்து நடந்தால் என்ன செய்வீர்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். திரும்பி வந்ததும் அறிக்கை தர வேண்டும். விண்ணப்பம் எழுத உட்காரும்போதே பல மாணவர்களுக்குத் திட்டத்தில் உள்ள ஓட்டைகள் தெரிந்துவிடும். ‘விபத்து நடந்தால்...’ என்ற கட்டத்தை ஒரே வரியில் நிரப்ப முடியாது.

குகைக்கும் நம்பர் உண்டு

ஆஸ்திரியாவில் நினைத்த குகைக்குள் நினைத்தபடி புகுந்துவிட முடியாது. குகைகள் அங்கே பாதுகாக்கப்பட்ட இயற்கைச் சொத்து. உள்ளூர் குகைச் சங்கங்களோடு பேச வேண்டும். உரிய அனுமதி வாங்க வேண்டும். வேட்டைக்காரர்கள், மேய்ச்சல் நிலத்துக்காரர்கள், சாலையை நிர்வகிப்பவர்கள் என உள்ளூர் மக்களோடு நல்ல உறவு வேண்டும். ஒரு வருடம் வந்த குழு குப்பையைப் போட்டுவிட்டுப் போனால், அடுத்த வருடம் வரும் குழுவுக்குத்தான் கதவு மூடப்படும்.

அந்த நாட்டில் கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொரு குகைக்கும் பதிவேட்டில் ஓர் எண் உண்டு. லோஸர் பகுதிக்கு 1623. அதன் பின் குகையின் சொந்த எண். 1988-ல் கேம்பிரிட்ஜ் குழு கண்டுபிடித்த ‘கனின்ஷன்ஹூலே’, அதாவது முயல் குகையின் எண் 1623/161. வாசலில் எண் பொறித்த சின்னத் தகட்டைப் பாறையில் பொருத்திவிடுவார்கள். ஆயிரக்கணக்கான ஓட்டைகள் உள்ள பீடபூமியில், எது ஏற்கெனவே பார்த்த குகை, எது புதியது என்று சொல்ல அந்தத் தகடுதான் சாட்சி.

பயணிகளின் காகித வேலையும் இருக்கிறது. இங்கிலாந்தில் படிக்கும் இந்திய மாணவர் ஒருவர் குழுவில் இருந்தால், அவருக்கு ஷெங்கன் விசா வேண்டும். கோடையில் விசா அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது, சில சமயம் குகையில் வழி கிடைப்பதைவிடக் கஷ்டம்!

கயிறு கணக்கு

ஆழமான குகைக்குத் திட்டமிடுவது கடைசியில் கயிறு கணக்கில் வந்து நிற்கும்.

இவர்கள் பயன்படுத்துவது அதிகம் இழுபடாத நைலான் கயிறு. கிட்டத்தட்ட சுண்டுவிரல் கனம்தான். 100 மீட்டர் கயிறு சுமார் 5 கிலோ. நனைந்தால் இன்னும் கூடும். குகைக்குள் எல்லாவற்றையும் ஆள்தான் சுமக்க வேண்டும். வண்டிச் சாலை சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் முடிந்துவிடும். அங்கிருந்து பிளந்த பாறைகள் மேல் நடந்துதான் முகாமுக்குப் போக வேண்டும். பாறைப் பிளவு ஒவ்வொன்றும் காலை முறிக்கக் காத்திருக்கும் பொறி.

100 மீட்டர் ஆழக் குழிக்கு 100 மீட்டர் கயிறு போதாதா? போதாது. கயிறு பாறையில் எங்கே உரசினாலும் ஆபத்து. ஏறுபவர் எழுந்து உட்காரும் ஒவ்வொரு முறையும் கயிறு மேலும் கீழும் அசையும். கூர்மையான பாறை விளிம்பு அதை ரம்பம்போல அறுத்துவிடும். அதனால் உரசும் இடத்துக்குக் கீழே பாறையைத் துளையிட்டு, போல்ட் அடித்து, கயிற்றை மறுபடி கட்டுகிறார்கள். ஒவ்வொரு கட்டுக்கும் கொஞ்சம் கயிறு தளர்வாக விட வேண்டும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒவ்வொரு துண்டிலும் ஒருவர் என, ஒரே சமயத்தில் பல பேர் ஏறலாம். கீழே குளிரில் காத்து நிற்கும் நேரம் குறையும்.

காத்து நிற்பது அங்கே சாதாரண விஷயம் இல்லை. குகைக்குள் வெப்பநிலை 2, 3 டிகிரிதான். ஃப்ரிட்ஜுக்குள் ஈரத்துணியோடு நிற்பதுபோல. நகர்ந்துகொண்டே இருந்தால் உடம்பு சூடாக இருக்கும். நின்றால், நடுக்கம் வரும். நடுக்கம் நின்றுபோனால் நிலைமை மோசம் என்று அர்த்தம். அதனால் ஆளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விளக்குகள், சுருட்டி வைத்த மெல்லிய கூடாரத் துணி, கொஞ்சம் இனிப்பு ஆகியவை எப்போதும் கூடவே இருக்க வேண்டும். நாலு பேர் ஒரே துணிக்குள் ஒடுங்கி ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாலே உள்ளே கதகதப்பாகிவிடும்.

தண்ணீர் இல்லாத மலையில் சமையல்

பள்ளத்தாக்கில் ஒரு முகாம், பீடபூமியில் இன்னொரு முகாம். மேல் முகாமாக இயற்கையாக அமைந்த கல் பாலத்தின் அடியில் ஒதுங்குகிறார்கள். அங்கே குழாயும் இல்லை, கிணறும் இல்லை. தார்ப்பாய் விரித்து மழைநீர் பிடிக்கிறார்கள். மழை ஏமாற்றினால், குழிகளில் கோடையிலும் மிச்சமிருக்கும் பனியை உருக்கிக் குடிக்கிறார்கள். காலடியில் ஒரு மலை நிறையத் தண்ணீர் ஓட, மேலே ஒரு குடம் தண்ணீருக்குக் கணக்குப் பார்க்கும் வாழ்க்கை!

சாப்பாடு? எடை குறைவாக, சீக்கிரம் வேகக்கூடியதாக, சக்தி தருவதாக இருக்க வேண்டும். நூடுல்ஸ், உலர்ந்த உருளைக்கிழங்குத் தூள், சீஸ், சாக்லேட், ஓட்ஸ். ‘இரண்டாவது வாரத்திலும் இதைச் சாப்பிட முடியுமா?’ என்பதையும் யோசித்தே வாங்க வேண்டும். சுவை செத்துப்போனால் ஆள் சாப்பிட மாட்டார். சாப்பிடாதவர் குகைக்குள் மற்றவர்களுக்கும் ஆபத்து.

குகை மிக ஆழமாகப் போனால், தினமும் ஏறி இறங்குவதிலேயே பொழுது போய்விடும். அப்போது உள்ளேயே முகாம். மணல் பரவிய வறண்ட ஒரு மூலையைத் தேடி, ஸ்லீப்பிங் பேக் விரித்து, சில நாள்கள் பூமிக்குள்ளேயே இருப்பார்கள். இரவு, பகல் எல்லாம் கைக்கடிகாரத்தில் மட்டும்தான். கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவருவது கட்டாயம். வெயிலும் புழுவும் இல்லாத இடத்தில் போட்ட குப்பை அப்படியே கிடக்கும்.

வானிலையும் திட்டத்தில் ஓர் ஆள் மாதிரி. கோடை மாலைகளில் ஆல்ப்ஸில் இடிமழை சகஜம். மேலே பெய்யும் மழை சற்று நேரத்தில் உள்ளே உள்ள கிணறுகளில் அருவியாகக் கொட்டும். உள்ளே இருப்பவருக்கு இடிச் சத்தம் கேட்காது. தண்ணீர்தான் செய்தி சொல்லும். எந்தக் கிணற்றில் மழை நேரத்தில் ஏறக் கூடாது, எங்கே ஒதுங்கிக் காத்திருக்கலாம் என்பதெல்லாம் இறங்குவதற்கு முன்பே முடிவாக வேண்டும்.

உலகம் பார்த்த 12 நாள்கள்

இவ்வளவு முன்ஜாக்கிரதை தேவையா என்று தோன்றலாம். 2014 ஜூனில் நடந்ததைக் கேட்டால் புரியும்.

ஜெர்மனி, ஆஸ்திரியா எல்லையில் உள்ள உன்டர்ஸ்பெர்க் மலைக்குள் ‘ரீசன்டிங்’ என்ற குகை இருக்கிறது. ஜெர்மனியிலேயே ஆழமானது. ஜூன் 8 அதிகாலை, அங்கே சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில் இருந்த மூவர் குழுவில் ஒருவரின் தலையில் பாறை விழுந்தது. ஹெல்மெட் போட்டிருந்தும் மூளையில் காயம். அவர் மாணவர் அல்ல. பல ஆண்டு அனுபவம் உள்ளவர். அந்தக் குகையையே நன்கு அறிந்தவர்.

கீழே செல்போன் வேலை செய்யாது. கூட இருந்தவர்களில் ஒருவர் காயம்பட்டவருடன் தங்கினார். மற்றவர் தனியாக மேலே ஏறினார். செய்தியை வெளியே கொண்டுவரவே அவருக்குச் சுமார் 12 மணி நேரம் ஆனது.

பிறகு ஐந்து நாடுகள் கை கோத்தன. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, இத்தாலி, குரோஷியா ஆகிய நாடுகளிலிருந்து 700-க்கும் மேற்பட்டோர் மீட்புப் பணியில் பங்கெடுத்தார்கள். குகையில் இறங்கத் தெரிந்த டாக்டர்கள் வேண்டியிருந்தது. அப்படிப்பட்டவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான். ஸ்ட்ரெச்சரில் கட்டிய மனிதரைக் கிணறு கிணறாகத் தூக்கி, குறுகலான இடுக்குகளில் சாய்த்து நகர்த்தி, இடையிடையே ஓய்வு முகாம்களில் நிறுத்தி, ஜூன் 19 அன்று வெளியே கொண்டுவந்தார்கள். 12-வது நாள். அவர் உயிர் பிழைத்தார்.

ஊரில் தெருவில் விழுந்து கால் முறிந்தால் ஆம்புலன்ஸ் வரும். ஆழக் குகையில் அதே முறிவு பல நாடுகளின் பிரச்னையாகிவிடும். மாணவர் குழு உட்கார்ந்து திட்டம் போடும்போது இந்தக் கணக்கு மேசையில் இருந்தே ஆக வேண்டும்.

‘இந்த நேரத்துக்குள் வரவில்லை என்றால்...’

அதனால்தான் குகையர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

உள்ளே போகும் ஒவ்வொரு குழுவும் முகாமில் எழுதி வைக்க வேண்டும். யார் யார் போகிறார்கள், எந்தக் குகை, எந்தப் பகுதி, எத்தனை மணிக்குத் திரும்புவார்கள். அதோடு, கடைசியாக ஒரு நேரம். அந்த நேரம் தாண்டினால், முகாமில் இருப்பவர்கள் தேடுதலைத் தொடங்க வேண்டும். யாரும் ‘இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே’ என்று சொல்லக் கூடாது.

அந்த நேரத்தைக் குறிப்பது ஒரு கலை. ரொம்ப நெருக்கமாகக் குறித்தால், உள்ளே இருப்பவர்கள் அவசரப்பட்டுத் தப்பு செய்வார்கள். ரொம்பத் தள்ளிக் குறித்தால், உண்மையிலேயே காயம்பட்டவர் குளிரில் வீணாகக் காத்திருப்பார். புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருத்தியும் இருபது வருட அனுபவசாலியும் ஒரே குழுவில் போனால், நேரம் குறிக்கப்படுவது மெதுவாக ஏறுபவரை வைத்துத்தான்.

முகாமில் எப்போதும் தெளிவாக யோசிக்கக்கூடிய சிலர் இருக்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே போய்விடக் கூடாது. வெளியில் நல்ல வெயில் அடிக்கும் நாளில், கீழே நண்பர்கள் புதிய சுரங்கத்தில் நடந்துகொண்டிருக்கும்போது, மேலே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பது யாருக்கும் பிடித்த வேலை இல்லை. ஆனால், அந்த ஒருவரை நம்பித்தான் மற்ற எல்லோரும் இறங்குகிறார்கள்.

அளக்காமல் நடக்காதே!

புதிய வழியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பல நேரம், காற்றை வைத்து. பெரிய குகைக்குள் காற்று ஓடும். கோடையில் கீழ்வாசல்கள் வழியே குளிர்க்காற்று வெளியே வீசும். கல் குவியலின் இடுக்கில் கையை வைத்தால் சில்லென்று காற்று பட்டால், அந்தப் பக்கம் ஏதோ இருக்கிறது!

வழி திறந்ததும் ஓடிப்போய்ப் பார்க்கத்தான் மனசு துடிக்கும். அங்கேதான் இன்னொரு விதி குறுக்கே நிற்கும்: பார்க்கிற இடத்தை அளந்தாக வேண்டும்.

ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு எவ்வளவு தூரம், எந்தத் திசை, எத்தனை டிகிரி சரிவு. இந்த மூன்றையும் குறிப்பார்கள். முன்பெல்லாம் டேப், திசைகாட்டி, சரிவுமானி. இப்போது சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியாட் ஹேப் என்பவர் லேசர் தூரமானியை மாற்றியமைத்து உருவாக்கிய ‘டிஸ்டோ எக்ஸ்’ மூன்றையும் ஒரே அழுத்தில் தந்துவிடுகிறது. இரவு முகாமுக்கு வந்ததும் எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். 1990-களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜ் கழகத்தினர் எழுதத் தொடங்கிய ‘சர்வெக்ஸ்’ என்ற இலவச மென்பொருள் அதை முப்பரிமாணப் படமாக்கிவிடும். இன்று உலகின் பல நாட்டுக் குகையர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

இந்தப் படம் பெருமைக்காக வரைவது அல்ல. இரண்டு குகைகள் உள்ளே எங்கே நெருங்குகின்றன என்று அதுதான் காட்டும். இம்பீரியல் மாணவர்களும் உள்ளூர் தோல்மின் குகைக் கழகத்தினரும் 2012-ல் மிகோவெட்ஸ் மலையில் இரு பெரிய குகைகளை உள்ளுக்குள்ளேயே இணைத்தார்கள். அந்த இணைப்பால் அது அப்போது ஸ்லோவேனியாவின் மிக நீளமான குகை ஆனது. 1994-ல் தொடங்கிய வேலைக்கு 18 வருடம் கழித்துக் கிடைத்த பலன்! முதலில் அளந்தவர்களில் பலர் அதற்குள் படிப்பை முடித்து, வேலைக்குப் போய், குடும்பமாகியிருப்பார்கள்.

யாராவது மாட்டிக்கொண்டால், மீட்க வருபவர்கள் கையில் முதலில் கொடுக்கப்படுவதும் இந்தப் படம்தான்.

கேள்விக்குறி எனும் சொத்து

கேம்பிரிட்ஜ் கழகத்தின் பதிவுகளில் ஒரு பட்டியல் உண்டு. அதற்குப் பெயர் ‘கேள்விக்குறிகள்’. குகையில் பார்த்தும், போகாமல் விட்ட வழிகளின் பட்டியல் அது. ‘இங்கே ஒரு கிணறு, கயிறு தீர்ந்துவிட்டது.’ ‘இங்கே குறுகிய சுரங்கம், காற்று வருகிறது.’ ‘இங்கே மேலே ஒரு ஜன்னல், ஏற வேண்டும்.’ இப்படிப்பட்ட விவரங்கள்.

அடுத்த வருட அக்டோபரில் திட்டம் போட உட்காரும் மாணவர்கள் முதலில் திறப்பது இதைத்தான். எந்தக் கேள்விக்குறிக்கு எவ்வளவு கயிறு வேண்டும், எத்தனை பேர் வேண்டும், எத்தனை நாள் ஆகும் என்று பார்த்துத்தான் அந்த வருடப் பட்டியல் எழுதப்படுகிறது. ஆள்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். மூன்று, நான்கு வருடத்தில் படிப்பு முடிந்துவிடும். பட்டியல் மட்டும் கை மாறிக்கொண்டே வருகிறது. சில வழிகளுக்கு விடை எழுதப்படுகிறது. அதைவிட அதிகமாகப் புதுக் கேள்விகள் சேர்கின்றன.

ஒவ்வொரு கேள்விக்குறியும் ஒரு முடிவின் அடையாளம். யாரோ ஒருவர், யாரும் பார்க்காத ஓர் இருட்டின் விளிம்பில் நின்றார். கல்லைத் தூக்கிப் போட்டுப் பார்த்தார். அது விழும் சத்தம் வர சில விநாடிகள் ஆயின. உள்ளே இறங்கிப் பார்க்க ஆசை கொதித்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகாமில் நோட்டில் எழுதிய நேரம் நினைவுக்கு வந்தது. கூட வந்தவளின் உதடு குளிரில் நீலமாவது தெரிந்தது.

அவர் நோட்டை எடுத்து ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, கயிற்றில் ஏறத் தொடங்கினார்.

குகை அங்கேயேதான் இருக்கும். லட்சக்கணக்கான வருடம் காத்திருந்த கிணறு, இன்னொரு வருடம் காத்திருக்காதா என்ன? மேல் முகாமில் யாரோ ஸ்டவ்வில் பனியை உருக்கிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் ஹெல்மெட் விளக்கு வாசலில் தெரிந்ததும், நோட்டில் அந்தக் குழுவின் பெயருக்கு நேராக ஒரு டிக் விழும்.